இது யார் கண்ணு?

எங்கள் டெல்லிப் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "ஸ்கூல் ஞாபகமா ஏதாவது எழுதுங்க" என்றார்கள். கேன்டீன் சமோசா, காலைப் பிரார்த்தனையில் தப்பும் தவறுமாய்ச் சொன்ன திருக்குறள், ஜனவரிப் பனிமூட்டத்தில் வராமல் போன பஸ் எல்லாம் இதற்குள் மற்றவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு எழுத இருப்பது தமிழ் சார் எங்களுக்கு நாவல் படிக்கச் சொல்லிக்கொடுத்த விதம்.

1980களின் பிற்பகுதி. அப்பாக்கள் எல்லாம் மத்திய அரசு அலுவலகங்களில், நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பரீட்சையில் இங்கிலீஷ். சார் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. பாடம் முடிந்த பிறகு கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், டெல்லித் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவல் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார். யாராவது உற்சாகமாகக் கதையைச் சொல்லி முடித்தால், "கதை தெரிஞ்சிட்டுல்லா? இனிமேதான் படிக்கணும்" என்பார். கதை எழுத ஆசைப்பட்ட எங்களில் சிலருக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது.

நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் எல்லாக் கதையிலும் ஒரு திண்ணை இருந்தது, ஒரு ஆறு இருந்தது, பெரும்பாலும் ஒரு பாட்டியும் இருந்தாள். சார் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க யாரு வீட்டுலம்மா திண்ணை இருக்கு? நான் பாத்த வீட்டுலெல்லாம் பால்கனியும் கூலரும்லா இருக்கு" என்றார். அடுத்த வாரம் ஆதவனின் 'காகித மலர்கள்' வந்தது. டெல்லியில் உத்தியோகம் பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு மனசு. ஆசிரியர் ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்குப் போய்க்கொண்டே இருப்பார். தன்னைப் பற்றி ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பதும் அவரைப் பற்றி வீட்டில் மற்றவர்கள் நினைப்பதும் ஒட்டவே ஒட்டாது. நம் ஊர் பஸ்ஸும் நம் ஊர் ஆபீசும் தமிழ் நாவலுக்குள் வரலாம் என்பதே எங்களுக்குச் செய்தி. சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில்தான். ஏதாவது ஒரு பத்தியில் விரலை வைத்து, "இது யார் கண்ணு?" என்பார்.

ஆதவன் டெல்லியில் நேஷனல் புக் டிரஸ்டில் வேலை பார்த்தவர்; 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். அந்த வருஷத்துச் சாகித்திய அகாதெமி விருது அவருடைய சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. சார் இதை வகுப்பில் சொன்னபோது குரல் கொஞ்சம் கம்மியது என்பது என் ஞாபகம்.

அந்தக் கேள்வியின் முழு வீச்சும் எனக்குப் பிடிபட்டது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' படித்தபோது. 1966இல் வந்த நாவல். எழுதியவர் பின்னாளில் டெல்லி வானொலியில் இருந்தார் என்பதில் எங்களுக்கு ஓர் உள்ளூர்ப் பெருமை. காவிரிக்கரைப் பாடசாலையில் வேதம் படித்து முடித்த அப்பு, அம்மாவுக்கு வேறொருவரோடு உறவு என்று அங்கே இருந்த இந்து என்ற பெண் சொன்ன ஒரு வார்த்தையோடு சென்னை வீட்டுக்கு வருகிறான். இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் வாய்மொழியாக ஒரு செய்தி. வீட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு. அதனால் அந்த ஆள், சிவசு, வருவது, உட்காருவது, கிளம்புவது என்ற சாதாரண காரியங்கள்கூடக் கனத்துப் போகின்றன. ஆசிரியர் எந்த இடத்திலும் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. அப்பு விஷயம் தெரியாமல் வந்திருந்தால் அதே பக்கங்கள் வெறும் விருந்தாளி வருகையாகப் போயிருக்கும்.

சார் கொடுத்த பயிற்சி இது: அப்பு வீட்டுக்கு வந்த பகுதியில் ஒரு பக்கத்தை எடுத்து, அதையே அவன் அம்மா அலங்காரத்தம்மாள் நின்ற இடத்திலிருந்து எழுத வேண்டும். வகுப்பு முழுக்க எழுதினோம். எல்லா நோட்டிலும் அவள் அழுதாள், காரணம் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள். நாவலில் அவளுக்கு இருக்கும் உயரம் ஒரு நோட்டிலும் இல்லை. புருஷன் தண்டபாணியின் மனசுக்குள் நம்மைக் கூட்டிப்போகிற ஜானகிராமன், அவளைப் பெரும்பாலும் அடுத்தவர் பார்வையிலேயே விட்டுவைக்கிறார். அவள் காசிக்குக் கிளம்பும்போதும் நமக்கு அவளை முழுசாகத் தெரியாது. எழுதிப் பார்க்காமல் வெறுமனே படித்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான். நாவலைப் பிரித்து வேறு விதமாகக் கோத்துப் பார்த்து, அது எங்கே கெட்டுப்போகிறது என்று கவனிப்பதைவிட நல்ல பாடம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' இதற்கு நேர்மாறான விஷமம் செய்யும். செகந்தராபாத்தில், நிஜாம் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நடப்பது. சில இடங்களில் சந்திரசேகரன் 'நான்' என்று பேசுகிறான்; சில இடங்களில் ஆசிரியர் அவனைப் பேர் சொல்லி விலகி நின்று பார்க்கிறார். ஒரே பையன், இரண்டு தூரம். விதி தெரியாமல் செய்தது போல இருக்கும். எங்கே மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் அப்படித் தோன்றாது. இங்கே வெளிநாட்டில் நான் போன எழுத்துப் பயிலரங்குகளில், ஒரே பார்வையைக் கடைசி வரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல யோசனைதான். அசோகமித்திரனைப் படித்தவர்களுக்கு அதை விதியாக ஏற்பது கஷ்டம்.

உரையாடலுக்கு இந்திரா பார்த்தசாரதி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர், நாடகாசிரியரும்கூட. 'அவன் சொன்னான்', 'அவள் சொன்னாள்' என்பதையெல்லாம் மறைத்துவிட்டு அவருடைய ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள், யார் பேசுகிறார்கள் என்று தெரிகிறதா என்று. நம் கதையிலும் அதே சோதனை. என் கதைகளில் இன்னமும் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள்; அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

நம் பழைய மாணவர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வாசிப்புக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். கதைச் சுருக்கம் சொல்லிக் கைதட்டிக் கலையும் கூட்டமாக அது ஆகிவிடக் கூடாது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சின்ன நாவல், 1965இல் டெல்லியில் தொடங்கிய 'கணையாழி' இலக்கிய இதழில் தொடராக வந்தது, ஆகவே நமக்கும் அதில் கொஞ்சம் உரிமை உண்டு. முதல் தடவை வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவையைச் சேர்ந்து செய்வோம். என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றைக் கடன் தருகிறேன், பென்சில் கோடு போடலாம், ஆனால் திருப்பித் தர வேண்டும்.