முதலில் காது, அப்புறம்தான் கேட்கும் பொறுமை

ரிட்டயர் ஆனவர் வீட்டில் அடிக்கடி எழும் புகார், "நான் சொல்றத நீங்க காதுலயே வாங்குறதில்ல". பொறுமையைக் குறை சொல்லுமுன் காதைப் பாருங்கள்.

வயதில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும். ப, க, த, ச நழுவும். அடுப்படியிலிருந்து "பால் வந்துருச்சா?" என்றால் "கால்" என்று விழும். கத்திச் சொன்னால் 'ஆ'தான் பெருகும், 'ப' தெளியாது. பேசுகிறவர் குரல்தான் கோபக் குரலாகிவிடும். பாதிச் சண்டைக்கு வேர் இது.

'இலவசப் பரிசோதனை' போர்டு பார்த்துப் போன கடையில் எங்களுக்கு அலைச்சல்தான் மிச்சம். வாசலோர அறை, பஸ் ஹாரன் அத்தனையும் உள்ளே. காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் ஜோடி காது மெஷினுக்கு விலை சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிறகு காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தால் அழுக்கு அடைத்துக் கிடந்தது. பட்ஸ் போட்டால் அது உள்ளேதான் போகும். சொட்டு மருந்து விட்டு எடுத்த பிறகு செய்கிற டெஸ்ட்தான் டெஸ்ட்.

அது சத்தம் புகாத அறையில் நடக்க வேண்டும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை பார்க்க வேண்டும். முடிவைக் காட்டும் வரைபடத்தில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். செலவுக்கு யோசிப்பவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடலாம்.

மெஷின் மாட்டியதும் குக்கர் விசிலும் தட்டுச் சத்தமும் காதில் அறையும். கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அமைதியான அறையில், எதிரே ஒருவரோடு சில மணி நேரம் பேசிப் பழகிவிட்டு மார்க்கெட்டுக்குப் போங்கள். எந்தச் சத்தம் தொந்தரவு என்று எழுதிக் கொண்டுபோனால் டியூனிங் ஒழுங்காக நடக்கும். மதுரை வெயிலில் வியர்வை மெஷினுக்கு எதிரி. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தால் திரும்ப ஒட்டிப் பயனில்லை, காற்றுப் பட்டதும் ஓடத் தொடங்கிவிடும்.

இனி பழக்கம். டிவியையும் மிக்ஸியையும் நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுங்கள். காதில் விழாவிட்டால் வெறுமனே "என்ன?" என்காமல், விழுந்ததைச் சொல்லி விட்டதை மட்டும் கேளுங்கள்: "சாயங்காலம் யாரோ வர்றாங்கன்ன, யாரு?" எதிராளிக்கு முதலிலிருந்து சொல்கிற எரிச்சல் இருக்காது.

"முட்டி வலிக்குது" என்றதும் "டாக்டரப் பாரு" என்று ஃபைலை மூடுவது ஆபீஸ் பழக்கம். "எப்பருந்து? மாடி ஏறும்போதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடுத்து வருவதுதான் சொல்ல வந்த விஷயம்.