ஊசி எந்தப் புள்ளியில்?

நம் டிராயிங் சார் கடலூரில் காலமான செய்தி முன்னாள் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, பலரும் அவருடைய கண்டிப்பைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு 'முட்டை' என்ற பட்டப்பெயர் வந்த கதையை மட்டும் நாகரிகம் கருதி ஒருவரும் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

தேவனாம்பட்டினத்துக் காற்று தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், "இந்த நீள்வட்டம் எதற்குத்தான் உதவும்?" என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் திட்டவில்லை. நெட்டச்சு, அதாவது மிக நீண்ட குறுக்களவு, 10 செ.மீ., உள்ளே அந்த அச்சின்மேல் நடுவிலிருந்து சமதூரத்தில் இருக்கும் குவியங்கள் என்ற இரு புள்ளிகளுக்கிடையே 5 செ.மீ. என இரு நீள்வட்டங்களை அட்டையில் வெட்டி, எல்லார் முன்னிலையிலும் அவற்றைப் பல்சக்கரங்களைப்போல் சுழற்றிக் காட்டச் சொன்னார். யாரும் குத்துமிடத்தில்தான், நட்டநடுவில், நானும் குண்டூசியைக் குத்தினேன். கால் சுற்று முடிவதற்குள் இடைவெளி விழ, வகுப்பே சிரித்தது. அவர் ஊசிகளைக் குவியங்களுக்கு மாற்றி, அவற்றினிடையே சரியாக 10 செ.மீ. விட்டதும், இரண்டு அட்டைகளும் ஒன்றையொன்று விடாமல் உருண்டன. விளிம்பின் எந்தப் புள்ளியிலிருந்தும் இரு குவியங்களுக்குள்ள தூரங்களைக் கூட்டினால் நெட்டச்சே வரும் என்று நாம் தேர்வுக்காக உருப்போட்ட வரி, அன்று என் கையில் சுழன்றது. ஓட்டும் சக்கரத்தின் வேகம் மாறாமலிருக்க, மற்றதன் வேகம் ஒரே சுற்றுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையே மாறும். மெதுவாக வெட்டி விரைவாகத் திரும்பவேண்டிய இயந்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றார்.

படிப்பு முடிந்ததும் துறையிலேயே பயிற்றுநராக இருந்துவிடச் சொன்னார். நான் விசா வாங்கினேன்.

பின்னாளில் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், இத்தாலியின் பதுவா நகரத்து ஜொவான்னி தொந்தி 1364இல் முடித்த வானியல் கடிகாரத்தின் பிரதியைக் கண்டேன். மூலக் கடிகாரம் அழிந்துபோயிற்று. அவர் எழுதிவைத்த விரிவான விவரணையிலிருந்தே பிரதி உருவானது. கோள்களின் சீரற்ற ஓட்டத்தைக் காட்ட, வட்டமல்லாத பல்சக்கரங்களையும் அவர் அதில் வைத்திருந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று சொன்ன கெப்ளர் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே!

அதைப் பற்றிச் சாருக்கு நான்கு பக்கம் எழுதினேன், என் பதவி உயர்வையும் சேர்த்து. பதில் அஞ்சலட்டையில் வந்தது. அச்சு எந்தப் புள்ளியில் இருக்கிறது, பற்களின் இடைவெளி எங்கும் ஒரே அளவா என்று கேட்டிருந்தார். பதவி உயர்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.