காலை வாந்தியும் சிறுமூளைக் கட்டியும்

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிள்ளை காலையில் வாந்தி எடுத்தால் ஆயா ஓமத் தண்ணீர் கொடுப்பார், உப்பு மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிப்பார். ஒருநாள் வாந்தி என்றால் சரி. ஆனால் பேதி, காய்ச்சல் இல்லாமல், எழுந்ததும் தலைவலி, வாந்தி எடுத்ததும் கொஞ்சம் சுகம் என்று வாரக்கணக்கில் நீடித்தால், வயிற்றை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள்.

கருவில் முதிர்ந்திருக்க வேண்டிய செல்கள் முதிராமலே பெருகுவதால் வருபவை கருசார் கட்டிகள். சிறுநீரகத்திலும் விழித்திரையிலும்கூட வரும். இவற்றில் பிள்ளைகளின் மூளையில் அதிகம் வருவது மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. சிறுமூளையில் வளர்ந்து மூளைநீர் ஓடும் நான்காம் அறையை அடைக்கிறது. நீர் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்துத் தூங்கும்போது அழுத்தம் இன்னும் கூடும். காலையில் மோசமாவது அதனால்தான்.

பள்ளி வயதுப் பிள்ளையைத் தரை ஓட்டுக் கோட்டின் மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். புதிதாகத் தள்ளாடினாலோ, கழுத்து சாய்ந்தே இருந்தாலோ, திடீரென மாறுகண் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தை என்றால் தலைச்சுற்றளவு வயதுக்கு மீறி ஏறுகிறதா என்று கிளினிக்கில் அளந்து பாருங்கள். டர்பன் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மருத்துவமனைக்குப் பரிந்துரையோடுதான் போக முடியும். அதனால் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை மயங்கி மயங்கித் தூங்கினால் கடிதத்துக்கு நிற்காமல் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

கட்டியை எடுக்கும் அறுவைக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டும். தாமதித்தால் காயத்தின் வீக்கமும் மிச்சக் கட்டியும் ஒன்றுபோலத் தெரியும். இந்தச் செல்கள் மூளைநீர் வழியே பரவும் என்பதால் கதிர்வீச்சு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் முழுவதுமாகப் போகிறது: கட்டி திரும்பும் ஆபத்து சாதாரணம் என்றால் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதிகம் என்றால் 36. கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 54. 3 வயதுக்குக் கீழே வளரும் மூளையைக் கருதி முடிந்தவரை தவிர்ப்பார்கள்.

பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. அறுவை முடிந்து ஓரிரு நாளில் சில பிள்ளைகள் பேச்சை அடியோடு நிறுத்திவிடும். ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்கு இது வரலாம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சு திரும்பும், ஆனால் நடையும் பேச்சும் மந்தமாகவே தங்கிவிடுவதும் உண்டு. பேச்சுப் பயிற்சியை முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கட்டி அபூர்வம். பெரும்பாலும் சிறுமூளையின் பக்கவாட்டில் வரும். தலைச்சுற்று என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள், தள்ளாட்டத்தைக் குடி என்றும் பேசுவார்கள். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தால் வரும் விரல் மரமரப்பு அவர்களை அதிகம் வாட்டும், அளவைக் குறைக்க நேரும். பெரியவர்களுக்கான புற்றுநோய் மருத்துவர் இந்தக் கட்டியை அடிக்கடி பார்த்திருக்க வாய்ப்பில்லை. குழந்தைப் புற்றுநோய் மருத்துவரையும் சிகிச்சைக் குழுவில் சேர்க்கும்படி கேளுங்கள்.