சோளத் தலையின் தகட்டு இடைவெளி

பெரும்போகச் சோளம் முற்றி நிற்கும் மாசி மாதத்தில், செட்டிகுளம் பக்கத்து மேட்டுக்காணிக்காரர்கள் என்னிடம் கேட்பது, எந்த அறுவடை மெசினைப் பிடிப்பது என்பதுதான். மெசினின் பெயரையும் குதிரைவலுவையும் விசாரிப்பதற்கு முன், அதன் முன்னால் பூட்டியிருக்கும் சோளத் தலையை, அதாவது சோளம் பிடுங்கும் முன்பகுதியை, குனிந்து பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

நெல் வெட்டும் தலை பயிரை அறுத்துத் தாளோடு உள்ளே இழுக்கும். சோளத் தலையிலோ, எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் தண்டைக் கீழ்நோக்கி இழுக்க, அவற்றின் மேலுள்ள இரண்டு தகடுகளுக்கு இடையால் தண்டு மட்டும் இறங்கிப் போக, பொத்தி (மணி பிடித்த கதிர்) தகட்டில் தட்டி ஒடிந்து செயினோடு பின்னே போகிறது. நெல்லுத் தலையாலும் சோளம் வெட்டலாம். ஆனால் தண்டும் இலையும் முழுவதாக உள்ளே போவதால் மெசின் திணறும், மணியோடு குப்பையும் சேரும்.

நட்டமும் இலாபமும் பெரும்பாலும் அந்த இரண்டு தகடுகளின் இடைவெளியில்தான் இருக்கின்றன. இடைவெளி கூடினால், பொத்தியின் அடிப்பக்கம் கீழே இறங்கி உருளையில் உரசும். அத்தகைய பொத்தியைக் கையில் எடுத்தால், காம்புப் பக்கத்து மணிகள் இரண்டு மூன்று வரிசைக்கு உதிர்ந்து, வெறும் தக்கை தெரியும். இடைவெளி குறைந்தால், தண்டு இறுகி ஒடிந்து குப்பையாக உள்ளே போகும். ஆகவே, காணியின் தடித்த தண்டு தாராளமாக நுழையும் அளவுக்கு மேல் தகடுகளைத் திறக்கக் கூடாது. தண்டு சிக்காமல் இருக்க, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அகலமாக இருக்க வேண்டும். முன்னே 32, பின்னே 35 என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. மெலிந்த தண்டுக்கு அதையும் குறைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரே காணிக்குள்ளேயே, பள்ளத்தில் தண்டு பெருவிரலைவிடத் தடித்தும், கிறவல் மேட்டில் மெலிந்தும் இருக்கும். தகடுகளை ஆணி தளர்த்தி நகர்த்தும் தலையில் அதற்கேற்ப ஒவ்வொரு முறையும் இறங்கி மாற்ற எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. சாரதி இருக்கையிலிருந்தே ஹைட்ரோலிக் மூலம் மாற்றக்கூடிய தலைக்குக் கூலி சற்றுக் கூடினாலும், அதையே நான் தெரிவு செய்வேன். உருளைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் மட்டும் அந்த வசதியாலும் பயனில்லை.

இரண்டு தலைகளை ஒப்பிட, கட்டுக்கம்பியை ஓரடிச் சதுரமாக வளைத்து, மெசின் போன தடத்தில் பல இடங்களில் வைத்து மணிகளை எண்ணுங்கள். சதுர அடிக்குச் சராசரி இரண்டு மணி கிடந்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 25 கிலோ நிலத்தில் கிடக்கிறது என்று பொருள். உதிராத முழுப் பொத்திகள் கிடந்தால், குறை தகட்டில் இல்லை. மெசின் செயினைவிட வேகமாக ஓடியிருக்கலாம், அல்லது சாய்ந்த பயிரின் கீழே தலையின் மூக்கு (முன்னே நீண்ட கூர்முனை) இறங்காமல் போயிருக்கலாம். தை மழையிலும் காட்டுப்பன்றியாலும் சாய்ந்த பயிருக்கு, மூக்கு நிலத்தைத் தடவினாற்போல் போக வேண்டும். ஓட்டமும் மெதுவாக இருக்க வேண்டும்.

வரிசை இடைவெளியை மாசியில் திருத்த முடியாது. நாங்கள் 60 சென்ரிமீற்றரில் விதைக்கிறோம். வெளிநாட்டுத் தலைகள் பலவும் 76 சென்ரிமீற்றருக்குச் செய்யப்பட்டவை. நான்கு வரிசைத் தலையை நடுவில் பிடித்து ஓட்டினால், ஓர வரிசைகள் தண்டு நுழையும் தலையின் வாயிலிருந்து 24 சென்ரிமீற்றர் விலகி நிற்கும்; அந்தத் தண்டுகள் வளைத்து இழுக்கப்படும்போதே பொத்தி தெறித்து விழும். “அண்ணை, உங்கட தலை எத்தனை சென்ரிமீற்றர்?” என்று மெசின்காரரிடம் ஐப்பசியிலேயே கேட்டு, அந்த அளவுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு விதையுங்கள். அவரது தலையை 60 சென்ரிமீற்றருக்கு ஒடுக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.