சாக்கின் மேல் இருந்த எழுத்து

“அத மட்டும் எழுதிராதீங்க தம்பி” என்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்காரர் கேட்டுக்கொண்டபோது, நான் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன். அதை அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதுவரை பாகுப் பதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, இறுகியதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, ‘டங்’கென்று சத்தம் கேட்ட பிறகே, வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைக் கொட்டச் சொன்னார். மேலே தூவுவதற்கான தேங்காய்ப்பூ சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தட்டுகளில் கிடந்தது. அதற்குப் பின்னால் அடுக்கியிருந்த சாக்குகளில் குஜராத்தி எழுத்து. கடலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், அவர் மறைக்கவில்லை. “நம்ம பக்கத்துக் கடலை வருசம் பூரா எங்க கெடைக்கு? மழை இல்லன்னா வடக்க இருந்துதான் லோடு.”

2020 ஏப்ரலில் இந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, கரிசல் மண்ணின் கடலையும் தாமிரபரணித் தண்ணீரும் அதன் ருசிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ‘கரிசல் நிலத்துக் கடலையால் பேர்பெற்றது இவ்வூர் மிட்டாய்’ என்று நானும் எழுதினேன். ஊரைப் பற்றிய வாக்கியமாக அதில் பிழையில்லை; அவருடைய படத்துக்கு நேர் கீழே அது அச்சானதுதான் சங்கடம்.

நான் தின்று பார்த்து எழுதுகிறவன், உணவுப் பாதுகாப்பு அலுவலர் அல்லன். அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் நான் சாக்கைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. அப்படியிருக்க, கேட்டதற்கு உண்மையைச் சொன்ன ஒருவரை மட்டும் காட்டிக்கொடுப்பது என்ன நியாயம்? ஆனால் அவரைச் சுட்டாமலேயே, மழை பொய்த்த ஆண்டுகளில் கடலை வெளியிலிருந்து வருகிறது என்று பொதுவாக ஒரு வரி எழுதியிருக்கலாம். பக்கத்தில் இடமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். தேங்காய்ப்பூவின் நிறங்களுக்கு மட்டும் நான்கு வரி ஒதுக்கியிருந்தேன்.

ருசியில் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், சாக்கைப் பார்ப்பதற்கு முன் தின்ற துண்டு அருமையாக இருந்தது. பார்த்த பின் தின்றதில் கடலை மணம் கொஞ்சம் குறைவோ என்று பட்டது. இரண்டும் ஒரே பலகையில் வெட்டியவை. என் நாக்கை நம்பிப் பத்திரிகை சம்பளம் கொடுக்கிறது என்பதால், இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். புதிய அட்டைப்பெட்டி அச்சடிக்கிறாராம். என் வரியைப் பத்திரிகைப் பெயரோடு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். சாக்கை அவர் மறந்துவிட்டாரா, அல்லது அந்தத் தலையாட்டலோடு அது முடிந்துபோன விஷயம் என்று நினைக்கிறாரா, தெரியவில்லை. ஆசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் அண்ணாச்சி என்றேன். ஆசிரியரிடம் கேட்பதென்றால் சாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், இன்னும் கேட்கவில்லை.