யாரும் தொடாமலே 'ஜி' வாசித்த ஆம்ப்

கைபேசியில் சுரம் சரிபார்க்கும் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திரையில் 'ஜி' சுரம் என்று காட்டுகிறது, முள் நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கம். பேஸ் கிட்டாரோ கட்டிலில் படுத்துக் கிடக்கிறது. வாசித்துக்கொண்டிருந்தது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்தான்.

அது வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பழைய பொருள் விற்கும் செயலியில் 220 வெள்ளிக்குக் கிடைத்தது. 40 வாட், 10 அங்குல ஸ்பீக்கர். கம்ப்ரெஸர், கோரஸ், ஆக்டேவ், ஓவர்டிரைவ் என்று சத்தத்தின் தன்மையை மாற்றும் எஃபெக்டுகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்குத் தனித்தனியாகக் காலால் மிதிக்கும் பெடல் வாங்க வேண்டாமே என்ற கணக்கு. உட்லண்ட்ஸ் போய் டிராலியில் கட்டி இழுத்து வந்தேன். பணம் கொடுக்கும் முன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் பின்பக்க லேபிளைப் படித்தது. ஜப்பானில் விற்கப்பட்ட ஆம்புகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவையாக இருக்கலாம். இங்கே சிங்கப்பூரில் சுவரில் வருவது 230. அப்படியே சொருகினால் அன்றோடு கதை முடிந்தது.

முதல் நாள் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கனமான ஈ கம்பியை அடித்தால் ஸ்பீக்கர் காகிதம் முன்னும் பின்னும் துடிக்கிறது, சுரம் மட்டும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, விற்றவர் தன் விருப்பப்படி எஃபெக்டுகளைச் சேமித்து வைத்திருக்கிறார். ஆக்டேவ் எஃபெக்ட் நாம் வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்க்கும். ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ். அதில் பாதி 20.6. அதை 10 அங்குல ஸ்பீக்கர் எங்கே பாடப் போகிறது? திணறத்தான் செய்யும். கூடவே, மெல்லிய சத்தத்தை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டும் கூட்டி வைக்கப்பட்டிருந்ததால், நீட்டிப் பிடித்த சுரமெல்லாம் கத்தரித்தாற்போல நின்றது.

கையேட்டைத் தேடிப் பிடித்து ஆம்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினேன். இதற்கு எந்தப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். குத்துமதிப்பாக அழுத்த வேண்டாம். பிறகு எல்லா எஃபெக்டையும் அணைத்து, பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் மூன்றையும் நடுவில் வைத்தேன். இருப்பதிலேயே பலமாக அடித்துக்கொண்டே, உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெய்னை ஏற்றி, சிவப்பு விளக்கு கண் சிமிட்டும் இடத்திலிருந்து ஒரு நூல் இறக்கினேன். வெறும் சத்தம் எப்படி இருக்கிறது என்று காதுக்குப் பழகும்வரை எஃபெக்ட் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி. எது எஃபெக்ட், எது கோளாறு என்று பிரிக்க வேறு வழியில்லை.

சரி, அந்த 'ஜி'. இணையத்தில் தேடினால் எல்லா அமெரிக்கர்களும் தங்கள் மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 49. மின்சாரத்தின் 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம் இவற்றுக்கு ஒரு முடி மேலே. முள் வலப்பக்கம் நின்றதன் காரணம் இதுதான்.

பேஸ் வயரைப் பிடுங்கினேன், இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் கிட்டார் மேல் குற்றமில்லை. ஒலிப்பதிவு செய்ய மடிக்கணினிக்குப் போட்டிருந்த யூஎஸ்பி வயரை உருவினேன். கப்சிப். மடிக்கணினியின் சார்ஜரும் ஆம்பும் இரண்டுமே மூன்று முள் பிளக். யூஎஸ்பி வழியாக இரண்டு எர்த்தும் கைகோத்து ஒரு வளையமாகிவிடுகின்றன, அதில் இரைச்சல் ஏறுகிறது. இப்போதெல்லாம் பேட்டரியை நிறைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிய பிறகே பதிவு செய்கிறேன். எர்த் முள்ளை எடுத்துவிட்டால் போதும் என்று ஒரு காணொளியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த முள் உயிர் காக்க இருப்பது, அதில் கை வைக்காதீர்கள்.

பெரிய தலைவலி இரண்டாவது வாரம் வந்தது. வாசித்துக்கொண்டே இருக்கும்போது சத்தம் தேய்ந்து போகும். ஓங்கி ஒரு அடி அடித்தால் படாரென்று திரும்பி வரும். வயரை மாற்றினேன். பேஸுக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிப் போனால், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிருக்கும், 180 வெள்ளி ஆகும்" என்றார்கள். 220 வெள்ளி ஆம்புக்கு!

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் காப்பிக் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கதையைக் கேட்டார். "போர்டா? யாரு சொன்னது தம்பி? பின்னாடி செண்டு, ரிட்டர்ன்னு ரெண்டு ஓட்டை இருக்கா?"

"இருக்குண்ணே. நான் அதைத் தொட்டதே இல்லை."

"தொடாததுதான் வினை. ரெண்டுக்கும் நடுவில ஒரு சின்ன வயரைச் சொருகிப் பாரு."

வெளியே உள்ள பெடல்களைச் சேர்ப்பதற்கான வழி அது. எதுவும் சொருகாதபோது ரிட்டர்ன் ஓட்டைக்குள் இருக்கும் ஒரு சின்ன உலோகத் தகடுதான் சத்தத்தை அடுத்த பகுதிக்குக் கடத்துகிறது. ஆண்டு முழுதும் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் ஊர் இது. யாரும் தொடாத அந்தத் தகட்டில் மெல்லப் படலம் கட்டிவிடுகிறது. ஓங்கி அடித்தால் சிக்னல் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது, மெதுவாக வாசித்தால் அங்கேயே நின்றுவிடுகிறது.

வீட்டுக்குப் போனதும் முதலில் கைபேசியிலிருந்து ஒரு பாட்டை நேராக ரிட்டர்னில் கொடுத்தேன், ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு. பிசிறில்லாமல் பாடியது. அப்போதே பவர் பகுதியும் ஸ்பீக்கரும் நலம் என்று தெரிந்துவிட்டது. பிறகு அண்ணன் சொன்ன வயர். ஒரு மணி நேரம் வாசித்தேன், ஒரு தடவைகூடத் தேயவில்லை.

மறுநாள் சிம் லிம் டவரில் காண்டாக்ட் கிளீனர் ஒன்று வாங்கினேன். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதா எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது, பிசுக்கு தங்கிவிடும். பிளக்கைக் கழற்றி வைத்து, பிளக் முனையில் கொஞ்சம் அடித்து, இரண்டு ஓட்டையிலும் பத்துப் பதினைந்து தடவை சொருகிச் சொருகி எடுத்தேன். நன்றாகக் காயவிட்டு ஆன் செய்தால் வயரே தேவைப்படவில்லை. பின்மூடியைத் திறக்கவே இல்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் இருக்கலாம் என்பதால் அந்தப் பக்கம் போகும் தைரியமும் எனக்கில்லை.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அம்மாவின் குரல். "டேய், யாருடா மணி அடிக்கிறது?"

ஈ கம்பியில் ஐந்தாவது கட்டை (ஃப்ரெட்), ஏ சுரம், 55 ஹெர்ட்ஸ். அதை வாசித்தால் மட்டும் பூஜை அலமாரியிலிருக்கும் பித்தளைத் தட்டு அதிர்ந்து, மேலிருக்கும் மணியும் சேர்ந்து கிணுகிணுக்கிறது. ஆம்பைத் தரையிலிருந்து தூக்கித் தடிமனான பஞ்சுப் பாளத்தின் மேல் வைத்தேன், பேஸ் குமிழையும் கொஞ்சம் இறக்கினேன். தட்டு அடங்கிவிட்டது. மணி இன்னும் அடங்கவில்லை. அதற்கடியில் ஒரு துணி வைக்கலாமா என்று கேட்டதற்கு, "சாமி மணிக்கு எதுக்குடா துணி, நீ அந்தச் சுரத்தை வாசிக்காதே" என்றார் அம்மா. அடுத்த மாதம் சமூக மன்றத்தில் வாசிக்கப்போகும் மூன்று பாட்டும் ஏ-யில்தான் தொடங்குகின்றன.