யார் குரலில் யார்

ஏப்ரல் 3
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி டாக்டர் சொன்னார்: “சார்காய்டோசிஸ் காசநோயை மிமிக் செய்யும்.” சார்காய்டோசிஸ் என்பது நுரையீரலில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும் வேறொரு நோயாம். எனக்குத் தெரிந்தது மிமிக்ரிதான். திருவிழா மேடையில் நடிகர் குரலில் பேசுவார்களே, அது. அம்மாவின் நெஞ்சுக்குள் யார் குரலில் யார் பேசுவது?

ஏப்ரல் 4
வெயில். இருமல் இரவில் 3 முறை.

ஏப்ரல் 5
லாட்ஜில் தூக்கம் வரவில்லை. அகராதியைப் பார்த்தேன். கேலிக்காக ஒருவரைப் போலச் செய்து காட்டுவதும் மிமிக், ஒன்று வேறொன்றாகத் தோற்றம் தருவதும் மிமிக். டாக்டர் சொன்னது இரண்டாவது. நோய்க்கு ஏது கேலி? ‘ஏப்’ என்றால் யோசிக்காமல் காப்பியடிப்பது, குரங்கின் பெயரே வினையாகிவிட்டது. ‘எமுலேட்’ மரியாதையான சொல், ஒருவரைப் பார்த்து அவரளவுக்கு உயர முயல்வது. புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனையைக் கேட்டால் எமுலேட் என்றுதான் சொல்லும்.

மிமிக் என்ற சொல்லை இங்கிலீஷில் இறந்தகாலத்தில் எழுதினால் ‘சி’க்கும் ‘இடி’க்கும் நடுவே ஒரு ‘கே’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இல்லாவிட்டால் மிமிஸ்ட் என்று வாசித்துவிடுவார்களாம். பிக்னிக்குக்கும் இதே கதி. மிமிக்ரிக்கு மட்டும் கே வேண்டாம், பின்னால் ‘ஆர்’ காவல் நிற்கிறது.

ஏப்ரல் 8
வேலூர் காந்தி ரோடு டீக்கடைக்காரர், சிகிச்சைக்கு வரும் வங்காளிகளிடம் வங்காளத்தில் பேசுகிறார். வியாபாரத்துக்கு நாலு வார்த்தை என்று நினைத்தேன். இன்று ஒரு பாட்டி அழுதபோது அவள் மொழியிலேயே வெகுநேரம் தேற்றினார். இது மிமிக் இல்லை.

ஏப்ரல் 9
சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி முடிந்தது. காசநோய்க் கிருமி மெதுவாக வளருமாம், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்கூட ஆகலாம். சார்காய்டோசிஸ் என்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். காசநோயாக இருந்து வெறும் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பெருகிவிடும். அதனால் காத்திருக்கச் சொல்கிறார்கள். இருமல் 5.

ஏப்ரல் 11
பேசவே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13
“மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடாதீர்கள்... விடாதீர்கள்...” எக்ஸ்ரே அறைக்காரர் குரல் அப்படியே. பேசியது அம்மா! சிரித்தோம். சிரிப்பு அவளுக்கு இருமலாகியது, பின்னாலேயே எனக்கும்.

“என்னடி, என்னை மிமிக் செய்கிறாயா?” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. நேற்றிலிருந்தே எனக்கும் தொண்டை கரகரக்கிறது.

ஏப்ரல் 14
முதல் பஸ்ஸில் குடியாத்தம். கல்ச்சர் சீட்டை எங்கே வைத்தேன்?